கூரையின் கீழே எத்தனை டிகிரி?

(சிரம்பானில் நடைபெற்ற தோட்டக் கிளைச் செயலாளர்கள் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு. அங்கத்தினர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு “வீடும் வெக்கையும்.” தலைவர் அதை வாசித்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சம்பளத்தையும் போனசையும் பேச வேண்டிய இடத்தில் கிழவன் கூரையைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று நினைத்திருப்பார்கள். (சிரிப்பு.) நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். என் நினைப்பு மாறியது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் தட்டச்சு செய்த கடிதம்

1983-ம் ஆண்டு. லிங்கி ஆற்றுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் சின்னக் கிராணி. அந்த வருஷம் மார்ச் மாதத்தில் மழையே இல்லை. கீழ் லயத்திலிருந்து ஓர் அம்மாள் கைக்குழந்தையோடு ஆபீசுக்கு வந்தார். “கிராணி ஐயா, பிள்ளை மத்தியானமும் தூங்கலே, ராத்திரியும் தூங்கலே. மேலே தகரம் கொதிக்குதுங்க. ஒரு பலகை அடிச்சுக் கொடுக்கச் சொல்லுங்க ஐயா” என்றார். மறுவாரம் அந்த லயத்துக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மனு கொடுத்தன. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் பெருவிரல் வைத்தார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் தகரத்துக்குக் கீழே ஒரு சீலிங்.

நிர்வாகத்தின் பதிலைத் தட்டச்சு செய்தவன் நான்தான். அந்தக் கடிதத்தில் இரண்டே விஷயங்கள் இருந்தன. முதலாவது, வீடுகள் சட்டப்படி இருக்கின்றன. இரண்டாவது, “அதிக உஷ்ணம்” என்ற புகார் தெளிவாக இல்லை.

அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். தெளிவாக இல்லை என்றால் என்ன பொருள்? எத்தனை டிகிரி என்று மனுவில் எழுதவில்லை. மனு எழுதிய தொழிலாளிக்கு அது தெரியாது. பதிலைத் தட்டச்சு செய்த எனக்கும் தெரியாது. பதிலில் கையெழுத்துப் போட்ட துரைக்கும் தெரியாது. ஆனால் எண் இல்லாத புகார் தோற்றுப் போயிற்று. அந்த அம்மாள் அதற்குப் பிறகு ஆபீசுக்கு வரவில்லை. நானும் அந்த லயத்துப் பக்கம் போவதற்குக் கொஞ்ச நாள் வெட்கப்பட்டேன்.

தோழர்களே, நான் இன்று சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். நம் வீட்டின் வெக்கைக்கு ஓர் எண் உண்டு. கூரை எவ்வளவு உஷ்ணத்தை உள்ளே விடலாம் என்பதற்கும் இந்த நாட்டில் ஓர் எண் உண்டு. அந்த இரண்டு எண்களையும் நாம் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

மரத்துக்கு ஒரு கணக்கு, மனிதனுக்கு ஒரு கணக்கா?

விடியும் முன்னே ஏன் பிரட்டுக்குப் போகிறோம்? துரைக்குத் தூக்கம் வரவில்லை என்பதற்காகவா? இல்லை. அதிகாலையில் மரத்தின் பட்டைக்குள் அழுத்தம் நிறைந்திருக்கிறது. கத்தி பட்டதும் பால் நன்றாக ஓடுகிறது. வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக விடுகின்றன; அழுத்தம் குறைகிறது; பாலும் குறைகிறது. எடுத்த பால் வெயிலில் உறைந்துவிடாமல் இருக்க அமோனியா ஊற்றுகிறோம். மரத்துக்கும் பாலுக்கும் வெயில் என்ன செய்யும் என்று 1925-ல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் முதல் நம் ஸ்டோர் வரை எல்லோருக்கும் கணக்குத் தெரியும்.

அந்த மரத்தை வெட்டிவிட்டு மத்தியானம் வீடு திரும்பும் மனிதனுக்கு என்ன கணக்கு? அவன் படுத்து எழ வேண்டிய நேரம் பகல் ஒன்று முதல் நான்கு மணி வரை. தகரக் கூரை மிக அதிகமாகக் காய்வதும் அதே நேரத்தில்தான். ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் வீட்டில் இல்லாத நேரம் அது. பால்வெட்டுத் தொழிலாளிக்கோ அதுதான் இளைப்பாறும் நேரம். வீட்டு வெக்கை எல்லோரையும் சுடும். பால்வெட்டுக்காரனைத் தேடி வந்து சுடும்.

இரவில் சரியாகத் தூங்காதவன் காலையில் கத்தி பிடிக்கிறான். கை தவறுகிறது. வெட்டு ஆழமாகிப் பட்டையில் காயம் விழுகிறது. உடனே மண்டோர் சத்தம் போடுகிறார், ரிப்போர்ட் எழுதுகிறார்கள். மரத்தில் விழுந்த காயத்துக்கு ரிப்போர்ட் உண்டு. தூங்காத இரவுக்கு ரிப்போர்ட் உண்டா? நீங்களே சொல்லுங்கள்.

வெக்கை எங்கிருந்து வருகிறது?

இதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. நம் நெகிரி செம்பிலான் பூமத்திய ரேகைக்கு மிக அருகிலே இருக்கிறது. சூரியன் நடுப்பகலில் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்கிறது. அதனால் தரையோடு ஒட்டிய ஒரே தளமுள்ள வீட்டில் சுவரைவிடக் கூரைதான் வெயிலை அதிகம் வாங்குகிறது.

துருப்பிடித்த தகரம் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நல்ல வெயிலில் அதன் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தத் தகரம் கீழே இருப்பவர்கள் மேல் சூட்டைக் கதிராக வீசும். அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது முகத்தில் சுடுகிறதே, அதே மாதிரிதான். காற்று சூடாக இல்லாவிட்டாலும் முகம் சுடும்.

வெக்கை என்பது ஒரே பொருள் அல்ல. விஞ்ஞானிகள் இதை ஆறாகப் பிரிக்கிறார்கள். காற்றின் சூடு, சுற்றியுள்ள கூரையும் சுவரும் வீசும் சூடு, காற்றில் உள்ள ஈரம், காற்றின் வேகம், உடுத்திய துணி, செய்யும் வேலை. நம் ஊரில் ஈரம் எப்போதும் அதிகம். ஆகவே வேர்வை சீக்கிரம் உலராது. உடம்பு தன் சூட்டை வெளியே தள்ள முடியாமல் திணறும். இதைத்தான் நம் தாய்மார்கள் “புழுக்கம்” என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள்.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. பக்கத்துச் சிங்கப்பூரில் வெப் என்ற ஆராய்ச்சியாளர், இந்தச் சீதோஷ்ணத்தில் வாழும் மனிதர்களுக்கு எது சௌகரியமான உஷ்ணம் என்று ஆராய்ந்து, 1959-ம் ஆண்டிலேயே முடிவுகளை வெளியிட்டார். காற்றின் சூடு, ஈரம், காற்று வீச்சு மூன்றையும் சேர்த்து அளந்தால்தான் உண்மை தெரியும் என்று காட்டினார். அந்த ஆண்டில் நம் பெற்றோர்கள் தகரத்தின் கீழே உட்கார்ந்து பனை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்கள். அறிவு ஜோகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரை வந்திருந்தது. லயத்துக்கு மட்டும் வரவில்லை.

மேட்டில் ஒரு வீடு, பள்ளத்தில் ஒரு வரிசை

“அந்தக் காலத்தில் யாருக்கும் இதெல்லாம் தெரியாது” என்று சிலர் சொல்வார்கள். தெரியாதா? பழைய துரை பங்களாவை நினைத்துப் பாருங்கள். காற்று வீசும் மேட்டின் உச்சியில் கட்டியிருப்பார்கள். உயரமான கூரை, அதற்குக் கீழே சீலிங், சுற்றிலும் அகலமான தாவாரம், எதிரெதிரே பெரிய ஜன்னல்கள், முற்றத்தில் நிழல் மரங்கள். மின்விசிறி வருவதற்கு முன்னமே அந்த வீடு குளிர்ச்சியாக இருந்தது.

அதே கம்பெனிகள் கட்டிய பழைய லயம் எப்படி இருந்தது? பல இடங்களில் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. முன்பக்கம் வாசல், பின்பக்கம் இன்னொரு குடும்பத்தின் சுவர். உள்ளே வந்த காற்று வெளியே போக வழியில்லை. பிறகு அவசரகாலத்தில், 1950 முதல், குடியிருப்புகளைக் கூட்டி முள்வேலிக்குள் நெருக்கமாக அடைத்தார்கள். அப்போது காவலைப் பற்றித்தான் நினைத்தார்கள். காற்றைப் பற்றி யார் நினைத்தார்கள்?

நம் அண்டையில் உள்ள மலாய்க் கம்பத்து வீடுகளையும் பாருங்கள். தூண்மேல் உயர்த்திய தரை, சரிவான கூரை, தரை வரை இறங்கும் ஜன்னல். கோலபிலா அருகே ஸ்ரீ மெனாந்தியில் 1908-ல் கட்டி முடித்த பழைய அரண்மனை, 99 தூண்களின்மேல் மரத்தாலேயே நிற்கிறது. அரசர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் இந்த மண்ணின் தச்சர்கள் காற்றுக்கு வழிவிட்டார்கள்.

நான் அத்தாப்புக் கூரைக்குத் திரும்புங்கள் என்று சொல்லவில்லை. அத்தாப்பு குளிர்ச்சிதான். ஆனால் ஒழுகும், பூச்சி சேரும், சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நெருப்புப் பட்டால் வரிசையே போய்விடும். தகரம் வந்தது நல்லதே. தகரத்துக்குக் கீழே வைக்க வேண்டியதை வைக்காமல் விட்டதுதான் குற்றம்.

சட்டம் எதை அளக்கிறது?

1966-ல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990-ல் புதிய சட்டம் வந்தது. 446-ம் சட்டம் என்று சொல்வார்கள். 2019-ல் அது திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. இவை நமக்குச் சும்மா கிடைத்தவை அல்ல. சங்கங்கள் பேசிப் பேசிப் பெற்றவை. தண்ணீர், மின்சாரம், இடம், சுகாதாரம் எல்லாவற்றையும் இந்தச் சட்டம் கவனிக்கிறது. தங்குமிடங்களில் ஓர் ஆளுக்குப் படுக்க 3.6 சதுர மீட்டர், பெருங்கூடமானால் 3 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டு விதிகள் எண் போட்டுச் சொல்கின்றன.

பொதுவான வீடுகளுக்கு 1984-ம் ஆண்டின் கட்டட உபவிதிகள் இருக்கின்றன. ஓர் அறையின் தரையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஜன்னல் இருக்க வேண்டும். தரையில் இருபதில் ஒரு பங்கு அளவுக்காவது காற்று தடையின்றிப் போகும் திறப்பு இருக்க வேண்டும். படுக்கையறை இரண்டரை மீட்டர் உயரமாவது இருக்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள்.

சதுர அடிக்கு எண் இருக்கிறது. ஜன்னலுக்கு எண் இருக்கிறது. நம் லயத்துக் கூரை எவ்வளவு சூட்டை உள்ளே விடலாம் என்பதற்கு? அங்கேதான் ஓட்டை. 1983-ல் “வீடு சட்டப்படி இருக்கிறது” என்று நான் தட்டச்சு செய்த வாக்கியம் பொய் அல்ல, தோழர்களே. அதுதான் துக்கம்.

நமக்குக் கிடைத்திருக்கும் எண்

கட்டடங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்த மலேசியாவில் 2001-ம் ஆண்டு ஒரு தர அளவு வெளியிட்டார்கள். எம்.எஸ். 1525 என்பது அதன் பெயர். அது யாருக்கு? ஆபீஸ் கட்டடம், ஹோட்டல், கடை மாளிகை, அதாவது குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு. மனிதர் குடியிருக்கும் வீட்டுக்கென்று தனியான தர அளவு, எம்.எஸ். 2680, வந்தது 2017-ல். ஆபீசுக்கு வந்த பிறகு வீட்டுக்கு வர 16 வருஷம் ஆயிற்று.

இடையில் 2012-ல் கட்டட உபவிதிகளில் 38ஏ என்று ஒரு விதியைச் சேர்த்தார்கள். அந்த விதியின் ஒரு பகுதி பெரிய குளிரூட்டிய கட்டடங்களைப் பற்றியது. மறு பகுதி நமக்கு முக்கியம். குடியிருப்பானாலும் சரி, வேறு கட்டடமானாலும் சரி, எல்லாக் கூரைக்கும் அது பொருந்தும். இலேசான கூரையின் “யூ மதிப்பு” 0.4-க்கு மேல் போகக்கூடாது. கனமான கூரைக்கு 0.6. வேறு நிழலோ குளிர்விக்கும் வழியோ இருந்தால் விலக்கு உண்டு.

யூ மதிப்பு என்றால் பயப்படாதீர்கள். மங்குக்கு எத்தனை அவுன்ஸ் பால் என்பது போல ஓர் அளவுதான் அது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக எத்தனை வாட் உஷ்ணம் போகிறது என்பதே அந்த அளவு. எண் சிறியதானால் கூரை நல்லது. சீலிங் இல்லாத வெறும் தகரத்துக்கு இந்த எண் 4-க்கு மேலே. விதி கேட்பதோ 0.4. பத்து மடங்கு வித்தியாசம்!

கிராணிமார்கள் என்னோடு கணக்குப் போடுங்கள். கூரை 50 சதுர மீட்டர், அதாவது சுமார் 540 சதுர அடி. வெயிலேறிய கூரைக்கும் உள்ளே இருக்கும் காற்றுக்கும் 25 டிகிரி வித்தியாசம் என்று வைப்போம். வெறும் தகரத்தில் 4 பெருக்கல் 25 பெருக்கல் 50, ஐயாயிரம் வாட். ஐந்து இஸ்திரிப் பெட்டிகளைச் சூடாக்கிக் குடும்பத்தின் தலைக்குமேல் தொங்கவிட்டதற்குச் சமம்! விதிப்படி செய்த கூரையில் 500 வாட். அரை இஸ்திரிப் பெட்டி. (கைதட்டல்.) சுமார்க் கணக்குத்தான். ஆனால் “தெளிவாக இல்லை” என்று இதற்கு யாராவது பதில் எழுத முடியுமா?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தர அளவு வேறு, சட்டம் வேறு. எம்.எஸ். 2680 நல்ல வழிகாட்டி. சட்டம் அதைக் கட்டாயமாக்கினால் ஒழிய முதலாளியை அது கட்டாது. கட்டட உபவிதி அந்தந்த மாநிலம் தன் கெஜட்டில் ஏற்றபடியே செல்லும். அது புதிய கட்டடத்துக்கு வைத்த விதி, பழைய லயத்தைத் தேடி வராது. 2025 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த எரிசக்திச் சிக்கனச் சட்டமும் பெரிய அளவில் எரிசக்தி செலவழிப்பவர்களையும் பெரிய ஆபீஸ் கட்டடங்களையும் மின்சாமான்களையும்தான் முக்கியமாகப் பிடிக்கிறது. ஆகவே எண் இருக்கிறது. அதை நம் கூரைக்கு இழுத்து வரும் கயிறு இன்னும் இல்லை. அந்தக் கயிற்றைத் திரிப்பது சங்கத்தின் வேலை.

“ஏர்கோன் போட்டால் முடிந்தது” என்பவர்களுக்கு

இளைஞர்கள் கேட்கிறார்கள்: “தாத்தா, தவணையில் ஒரு ஏர்கோன் வாங்கிப் போட்டால் தீர்ந்ததே!” தம்பிமார்களே, ஒரு குதிரைத் திறன் ஏர்கோன் இழுக்கும் மின்சாரத்தில் பத்துப் பன்னிரண்டு மின்விசிறிகள் ஓடும். அதையும் வெறும் தகரத்தின் கீழே மாட்டினால், ஓட்டைப் பால்வாளியில் பால் ஊற்றுவது போலத்தான். குளிரைக் காசு கொடுத்து வாங்கி, கூரை வழியாக வெயிலுக்குக் கொடுக்கிறோம்.

மின்விசிறி நம் தோழன். ஆனால் அது வீட்டைக் குளிர்விக்காது. தோலில் உள்ள வேர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர்விக்கும். ஆளில்லாத அறையில் ஓடும் விசிறி வெறும் செலவு. விசிறி வாங்கும்போது அதில் ஒட்டிய நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். 2013-ம் ஆண்டு விதிகளின் கீழ் விசிறி, குளிர்ப்பெட்டி, ஏர்கோன், தொலைக்காட்சி, விளக்கு ஆகியவற்றுக்குச் சிக்கன அளவு வைத்தார்கள். நட்சத்திரம் கூடினால் மின்சாரம் குறையும். இருபது வெள்ளி மலிவு என்று வாங்கியது மாதாமாதம் பில்லில் திரும்பி வரும்.

முதலில் கூரை, அடுத்து காற்று, பிறகு விசிறி, கடைசியில்தான் ஏர்கோன். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் தொழிலாளி கடனாளி ஆவான்.

வெப்ப நோட்டு

இனி என்ன செய்வது? முதல் வேலையைக் கிராணிமார்களும் பால்வெட்டுத் தோழர்களும் சேர்ந்து செய்ய வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு வெப்ப நோட்டுத் திறங்கள்.

சுவரில் மாட்டும் சாதாரணத் தெர்மாமீட்டர் போதும். பத்து வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். சீலிங் உள்ளது, இல்லாதது, மர நிழல் உள்ளது, இல்லாதது எல்லாம் கலந்திருக்கட்டும். கிராணி வீடும் ஒன்று இருக்கட்டும். உட்காரும் உயரத்தில், அடுப்புக்கும் விசிறிக்கும் வெயிலுக்கும் விலகி மாட்டுங்கள். வெளியே நிழலில் இன்னொன்று மாட்டுங்கள். காலை 6, மதியம் 2, இரவு 8, இரவு 10 ஆகிய நான்கு நேரமும் முப்பது நாள் எழுதுங்கள். தேதி, வீட்டு எண், கூரை வகை, சீலிங் உண்டா, வெளியே எத்தனை, உள்ளே எத்தனை, மழையா வெயிலா, வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ உண்டா, இவைதான் பத்திகள். செக்ரோலில் ஒரு நாள் வரவு தவறாமல் எழுதிய கைக்கு இது பெரிய காரியமா?

கூரை வீசும் கதிர்ச் சூடு சாதாரணத் தெர்மாமீட்டரில் சரியாகத் தெரியாது. அதற்கும் வழி உண்டு. ஒரு பிங்பாங் பந்துக்குக் கறுப்புச் சாயம் பூசி, துளையிட்டு, இன்னொரு தெர்மாமீட்டரின் நுனியை அதற்குள் நுழைத்து வையுங்கள். கறுப்புப் பந்து கூரைச் சூட்டை வாங்கும். இரண்டு தெர்மாமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் கூரையின் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொடுத்தால் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

கணக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சலால் தொழிலாளர்கள் மடிந்தார்கள். அது விதி என்றார்கள். டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர் 1901 முதல் அங்கே கணக்கெடுத்தார், சதுப்பில் வடிகால் வெட்டச் செய்தார், காய்ச்சல் குறைந்தது. எண்ணத் தொடங்கிய பிறகே “விதி” என்ற சொல் பின்வாங்கியது.

கேட்க வேண்டியவை

நோட்டுக் கையில் வந்த பிறகு நான்கு காரியங்களைக் கேட்கலாம்.

ஒன்று: பழைய தகரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் வெறும் தகரத்தை மட்டும் மாற்றக்கூடாது. கீழே பளபளக்கும் அலுமினியத் தாள், அதற்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி, பிறகு மூன்று அங்குலக் கனிமக் கம்பளி, அதன் கீழே சீலிங். இப்படிச் செய்தால் 0.4 என்ற எண்ணை ஒட்டி வந்துவிடலாம். கூரைக்கு எப்படியும் ஆள் ஏறும் நாளில் செய்தால் கூடுதல் செலவு குறைவு.

இரண்டு: கூரையின் இரு முக்கோண முகப்புகளிலும் காற்றுத் துவாரம் வேண்டும். சீலிங்குக்கு மேலே அடைபட்ட சூடு வெளியேற வேண்டும். ஒவ்வொரு படுக்கையறைக்கும் காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி.

மூன்று: உடனே சீலிங் போட முடியாத வீடுகளுக்கு வெள்ளைக் கூரைச் சாயம். புதிய வெள்ளைச் சாயம் வெயிலில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். நம் மழைக்குப் பாசி பிடிக்கும்; ஆகவே கழுவுவதும் மறுபூச்சும் கணக்கில் சேர வேண்டும்.

நான்கு: புதிய தொழிலாளர் வீடு எதுவானாலும், அந்நியத் தொழிலாளர்களுக்குக் கட்டும் தங்குமிடமானாலும், கூரை 38ஏ விதிப்படி இருக்க வேண்டும். அவர்களும் நம்மைப் போலக் கத்தி பிடிக்கிறவர்கள்தான். அவர்களுக்கு வெறும் தகரம் போதும் என்று இன்று விட்டால், நாளைக்கு நமக்கும் அதுவே அளவாகும்.

இதைத் தொழிலாளர் இலாகாவிடம் சொல்ல வேண்டும். முதலாளிமார் சங்கத்தோடு ஒப்பந்தம் பேசும்போது ஒரு ஷரத்தாக வைக்க வேண்டும். நகராண்மைக் கழகத்திடம் உபவிதி இங்கே எப்படி அமலாகிறது என்று எழுத்தில் கேட்க வேண்டும். வீடு நிர்வாகத்தின் சொத்து. கூரைச் செலவும் நிர்வாகத்தின் செலவு. சம்பளத்தில் பிடிக்கச் சம்மதிக்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸ் ஆக இருந்தால் யாரும் அதை அறுக்கவோ, துளைக்கவோ, சுரண்டிக் கழுவவோ கூடாது. அதன் தூள் நுரையீரலுக்கு எமன். அடுத்தது, அலுமினியத் தாளில் மின்சாரம் பாயும். கூரைக்குள் வயர் ஓடும் வீட்டில் நாமே தாள் அடிக்கப் போகாமல், லைசென்ஸ் பெற்ற ஒயர்மேன் பார்த்த பிறகே செய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும் லயத்தை விட்டுத் தாமான் வீடு வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாசலின் அலங்காரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கூரைக்குக் கீழே தாள் இருக்கிறதா, கம்பளி இருக்கிறதா, யூ மதிப்பு எத்தனை என்று கேளுங்கள். மாலை வெயில் எந்த அறையின் சுவரில் விழுகிறது என்று மாலையிலேயே போய்ப் பாருங்கள். செங்கல் சுவர் பகலில் குடித்த வெயிலை இரவு பத்து மணிக்குப் படுக்கையில் கக்கும்.

முடிவாக

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையின் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. அன்று அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. இன்று அந்தச் சிரிப்பை நினைத்தால் நமக்குக் கோபம் வருகிறது. கூரைக்குக் கீழே எத்தனை டிகிரி என்று நாம் கேட்கும் கேள்விக்கும் இன்று சிரிக்கலாம். (சிரிப்பு.) சிரிக்கட்டும், நோட்டு மட்டும் நிரம்பட்டும்.

வெயில் குறையப் போவதில்லை. பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 டிகிரி ஏறியதைப் பார்த்த நாடு இது. மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டாலே வானிலை இலாகா எச்சரிக்கை கொடுக்கிறது. அந்த 35 டிகிரி வெளியே நிழலில் அளந்தது. தகரத்தின் கீழே தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு எத்தனை? அதை யாரும் அளக்கவில்லை.

அன்று ஆபீஸ் வாசலில் நின்ற அந்த அம்மாளுக்கு நான் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். அந்த மனுவில் ஓர் எண்ணைச் சேர்க்க எனக்கு அன்று தெரியவில்லை. உங்களுக்கு இன்று தெரியும். இன்று இங்கே வந்த கிளைச் செயலாளர்களுக்கு நான் என் சொந்தக் காசில் ஆளுக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்திருக்கிறேன். பெட்டி வாசலில் இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கிராணிப் புத்தி போகாது, கையெழுத்து வாங்காமல் தரமாட்டேன்! (சிரிப்பு, கைதட்டல்.) அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நிரம்பிய நோட்டோடு வாருங்கள்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!